ஆணி காரணம் இல்லை

நைனா, நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். நீ நலமாக இல்லை. தட்டில் போட்ட சோற்றை வயலுக்கு வரப்பு போடுகிற மாதிரி நான்கு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நடுவில் இருந்த குழம்பையே பார்த்துக்கொண்டு, "மாமாகிட்ட சொல்லிடும்மா, நான் வர்றேன்னு" என்றாய். நான் சிரித்தேன். அது தப்பு என்று சொல்லமாட்டேன், எனக்கு அப்படித்தான் வரும், உனக்கே தெரியும். "பொறுடா, பெங்களூர்ல காந்தம் புடிக்கிறவன் மாதனூர்ல பஸ் புடிக்க வர்றானா" என்றேன். நீ எழுந்து கை கழுவிவிட்டு சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய். வாசல் வரைக்கும் வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. நேரில் பேசினால் எனக்குக் கிண்டல்தான் வாயில் வருகிறது, போனில் பேசினால் அதைவிட மோசம். அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும். பொறுமையாகப் படி. உன் புத்தகங்களை நீ எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் படித்திருப்பாய், அதில் ஒரு தடவையை எனக்குக் கொடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாய். ஓரளவுக்குத் தெரியும். நீயே இந்த வீட்டில், என் முறுக்குத் தட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தாய். "சுத்தமான உலோகம்மா. நியோபியம்னு பேரு. ஒரே துண்டா வளந்த படிகம். அதைப் பயங்கரமா குளிர வெச்சா, ஒரு அளவுக்குக் கீழ போனதும் கரண்டுக்கு அதுக்குள்ள தடையே இருக்காது. அந்த நிமிஷமே உள்ள இருக்கிற காந்தத்தை எல்லாம் வெளிய தள்ளிடும்." நான், "மாமியார் மருமகளைத் தள்ற மாதிரியா" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அப்போதெல்லாம் சிரிப்பாய். தள்ளிவிட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, படிகத்தின் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன சென்சார்கள் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றும் தலைமுடியின் அகலம்கூட இருக்காது, தன் அடியில் எவ்வளவு காந்தம் இருக்கிறது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்லும் என்றாய். சில உலோகத்தில் காந்தம் வெளியே போக வழி தெரியாமல் அங்கங்கே மாட்டிக்கொள்ளும். அழுக்கு, விரிசல் இருக்கிற இடத்தில்தான் அப்படி ஆகும். உன்னுடையது அவ்வளவு சுத்தம், அதில் எதுவும் மாட்டக் கூடாது என்றாய். முறுக்கு அத்தனையும் நீயே தின்றுவிட்டு வெறும் தட்டைக் காட்டி, "இப்படி இருக்கணும்மா, காலியா" என்றாய்.

பெங்களூரில் உன் ஆய்வுக்கூடத்துக்கு நான் வந்ததைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீ அதை எல்லோரிடமும் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. பிரியாணி கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கூடத்தில் உன் புது சாதனத்தை அப்போதுதான் நிறுத்தி இருந்தீர்கள். ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளி டப்பா, மேலே வெள்ளைப் புகை, பக்கத்தில் நிற்கிற சிலிண்டரில் சந்தனப் பொட்டு. உன்னோடு வேலை செய்கிற அந்தக் கேரளத்துப் பெண் அனு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. "ஆன்ட்டி, இரும்பு ஏதாவது இருந்தா இங்க வெச்சிடுங்க, உள்ள கூடாது." நான் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன். கொசுவத்தில் இருந்ததையும் கழற்றினேன். "இதுக்கு மேல கழட்டினா உள்ள புடவை மட்டும்தாம்மா வரும், நான் வெளியதான் நிப்பேன்" என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் உன் சாரே எட்டிப் பார்த்தார்.

ஊக்கைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஆணியை யாரும் கேட்கவில்லை. கறிச்சோறு எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் கூடவே ஒரு இரும்புத் துண்டு போட்டு அனுப்புவது நம் வீட்டு வழக்கம், காற்று கருப்பு அண்டாது. பிரியாணிப் பையில் ஒரு ஆணி போட்டிருந்தேன். நீ தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாய். அந்த டப்பாவைப் பார்த்தேன். புதுசு, பளபளவென்று இருக்கிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் வாய் பிளந்து பார்க்கிறான். கண் பட்டுவிடாதா? சந்தனப் பொட்டு சிலிண்டருக்குப் போய்விட்டது, உன் டப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஆணியில் மஞ்சள் நூலைச் சுற்றி, டப்பா உட்கார்ந்திருந்த அலுமினியத் தாங்கியின் அடியில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துக் கட்டிவிட்டேன். அந்த ஆணி எங்கள் ஷூ கம்பெனியில், தைக்கும்போது உடைந்த ஊசியைத் தேடுகிற காந்தக் கட்டையிலேயே வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்தது. பலமான இரும்பு என்றுதான் அதைப் பொறுக்கி வைத்திருந்தேன். இரும்பு காந்தத்தோடு குடும்பம் நடத்தினால் அதுவும் காந்தமாகிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லிக் கொடுக்கும்போது அந்தப் பாடத்தை விட்டுவிட்டாய். ஆக, தப்பு உன்னுடையது.

அதற்குப் பிறகு நீ அந்தப் படிகத்தைக் குளிர வைத்தாய். தட்டு காலியாகவில்லை. ஓரத்தில் இருக்கிற சென்சார்கள் எல்லாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கின்றன. நடுவில் இருக்கிறது மட்டும் இங்கே இருக்கிறது, இங்கே இருக்கிறது என்கிறது. சூடாக்கி, மறுபடி மெதுவாகக் குளிர வைத்தாய். அப்போதும் அதே. குளிர வைக்கிற ஹீலியம் கிடைக்கும் முறை வரும்வரை காத்திருந்து மறுபடி செய்தாய். அதே. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வந்தும் வராத மாதிரிதான் இருந்தாய். போன் பண்ணினால் "இன்னும் மாட்டிக்கிட்டுதாம்மா இருக்கு" என்பாய். படிகத்தைச் சொல்கிறாயா உன்னைச் சொல்கிறாயா என்று கேட்க வாய்வரை வரும். கேட்கவில்லை. பார், சில நேரம் நானும் வாயை மூடுவேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் கேன்டீனில் இருக்கும்போது போன் செய்தாய். குரலைக் கேட்டே எனக்குப் புரை ஏறிவிட்டது. "அம்மா! ஆணி! மஞ்ச நூல் கட்டின ஆணி! நீதானே?" என்றாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கிறாய். சின்ன வயசில் மாதனூர் ஏரியில் குதித்துவிட்டு எழுந்து சிரிப்பாயே, அப்படி. "இதுதாம்மா! இத்தனை மாசமா இதுதான்! நான் இன்னா இன்னாவோ நெனச்சேன்மா!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்வீன் அக்கா என் கையிலிருந்த போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டது. எங்கள் மேசையே கேட்டது. "அடிப்பாவி, உன் புள்ளை படிப்புக்கு நீயே ஆணி அடிச்சிட்டியேடி" என்று பர்வீன் அக்கா சொல்ல, எல்லோரும் தட்டைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகவே இல்லை. அன்றைக்கு முழுதும் ஷூக்களை எடுத்து வைக்கும்போது பாட்டுப் பாடினேன். என் பிள்ளையை மாட்டிவைத்தது நான்தான், என் கையால் கட்டியது, அவிழ்த்துவிட்டால் போகிறது. அதைவிட நல்ல சேதி ஒரு தாய்க்கு என்ன இருக்கும், சொல்.

ஆணியை எடுத்துவிட்டுக் குளிர வைத்தாய். மறுபடி போன் வந்தபோது கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். நீ ஒரே வரி சொன்னாய். "ஆணி இல்லம்மா." நான் அப்போதும் விளையாட்டாக, "நல்லாத் தேடிப் பார்ரா, இன்னொண்ணு கட்டியிருப்பேன்" என்றேன். "எடுத்தப்புறமும் நடுவுல அதேதாம்மா" என்றாய். நைனா, உண்மையாகச் சொல்கிறேன், அது அந்த ஆணியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. ஊரே என்னைச் சொல்லிச் சிரித்திருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் அனு எனக்குப் போன் பண்ணிச் சொன்னதைத்தான் நீ என்னிடம் சொல்லவில்லை. உன் கூடத்தில் இருக்கிறவர்கள், "நடுவுல இருக்கிற சென்சார் கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டு ஓரத்துல இருக்கிறதை மட்டும் வெச்சு முடிச்சிடு, பட்டம் வாங்கிட்டுப் போய்ட்டே இரு" என்றார்களாம். நீ அந்தச் சென்சாரைக் கழற்றிப் புதுசு மாட்டினாயாம். புதுசும் அதையே சொன்னதாம். "கெட்டுப்போகலைன்னு தெரிஞ்சப்புறம் எப்படி எழுதறது" என்று கேட்டாயாம். உன் சார், "நான் அவசரப்படுத்தலை, ஆனா ஏன்னு ஒரு காரணம் வேணும்" என்றாராம். காரணம் உனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. எழுதி முடிக்கவும் முடியாமல், விட்டுவிட்டு வரவும் முடியாமல் நீ அந்தக் கூடத்தில் சாப்பிடுகிற நேரத்துக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று அந்தப் பெண் அழுகிற குரலில் சொன்னது. அந்த வாரம்தான் உன் மாமா சேகர், என் கூடப் பிறந்த புண்ணியவான், எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் காலி என்று தகவல் கொண்டுவந்தான். மேனேஜரிடம் பேசியும் வைத்துவிட்டான். வருகிற திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். நீ வருகிறேன் என்கிறாய்.

அது யாருடைய இடம் என்று உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும்: பெட்டியில் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஷூவையும் ஊசி பார்க்கிற மெஷினுக்குள் அனுப்புவது. தைக்கும்போது ஊசி முனை உடைந்து உள்ளே தங்கிவிட்டால் மெஷின் கத்தும், பட்டை நின்றுவிடும். உடைந்த துண்டு கைக்குக் கிடைக்கும்வரை அந்த லைனில் ஒரு ஜோடியும் வெளியே போகக் கூடாது, அதுதான் சட்டம். போன மாசம் ஒரு சாயங்காலம் ஒரு ஷூவுக்கு மெஷின் கத்தியது. திருப்பி அனுப்பினேன், கத்தியது. சூப்பர்வைசர் வந்தான். வாணியம்பாடிப் பையன், உன்னைவிட ஒன்றிரண்டு வயசு சின்னவன், இஞ்சினியரிங் படித்தவன், என்னை அக்கா அக்கா என்பான். அவனே கத்தி எடுத்து அந்த ஷூவைக் கிழித்தான். தோலைத் தனியாக, லைனிங்கைத் தனியாக, பாதத்துக்கு அடியில் வைக்கிற அட்டையைத் தனியாகப் பிரித்துப் போட்டான். ஒன்றுமில்லை. துண்டு துண்டாக உள்ளே விட்டோம். அட்டைக்குக் கத்துகிறது. அட்டையைக் கையால் தடவினால் அட்டைதான். அதே கட்டு அட்டையில் தைத்த மற்ற ஜோடிகளுக்கும் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டது.

வெளியே பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே நாங்கள் அத்தனை பேரும் லைனிலேயே நிற்கிறோம். யாரும் நகரக் கூடாது. ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருத்தியின் மாமியார் போன்மேல் போன். பர்வீன் அக்கா, "பேஜாரா போச்சே, இன்னிக்கு நம்மளையும் பெட்டியில போட்டு கப்பல்ல ஏத்திடுவாங்களா" என்று சிரிக்க வைக்கப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். கன்டெய்னர் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. மேலேயிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பையன் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். அதில் ஒரு குமிழ் இருக்கிறது, எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவேண்டும் என்று வைக்கிறது. அவன் என்னைப் பார்த்தான். "நான் இன்னாக்கா பண்றது" என்றான். குமிழைக் கொஞ்சம் திருப்பினான். கத்தியது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். மெஷின் வாயை மூடிக்கொண்டது. நானும் ஒன்றும் பேசாமல் ஜோடிகளை ஒவ்வொன்றாக அனுப்பினேன். எல்லாம் சரி என்று வந்தது. எல்லோரும் ஓடிப்போய் பஸ் ஏறினோம்.

ஷூ போன இடத்திலிருந்து இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை. அட்டையில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பையன் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. மெஷின் பக்கம் வரும்போது அந்தக் குமிழைப் பார்ப்பான், போய்விடுவான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டான். கெட்டவன் இல்லை நைனா. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாராயிருந்தாலும் கை அந்தக் குமிழுக்குத்தான் போகும். அந்த நாற்காலிதான் இப்போது காலி. நடுச் சென்சாரைக் கெட்டுப்போச்சு என்று ஒரே ஒரு தடவை எழுத உனக்குக் கை வரவில்லை. இங்கே லாரி வந்து நிற்கிற ஒவ்வொரு சாயங்காலமும் எழுதவேண்டி வரும். அங்கிருந்து தப்பித்து இங்கே வருகிறாய் என்று உன் மாமா நினைக்கிறான். நீயும் நினைக்கிறாய். அங்கேயாவது உனக்குக் காரணம் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லலாம், அதற்காக யாரும் உன்னை வெளியே அனுப்பவில்லை.

இப்போது நிஜமான பேச்சுக்கு வருகிறேன். நீ ஏன் வருகிறேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் டம்ளரைத் தூக்கும்போது கை மரத்துப்போய் இன்னொரு கையால் தாங்கிப் பிடித்தேன். நீ பார்த்தாய். பார்த்த பிறகுதான் சோற்றுக்கு வரப்பு கட்ட ஆரம்பித்தாய். உன் அப்பா போனதிலிருந்து அம்மா இந்த பஸ், இந்த லைன், இந்த மெஷின் என்று மாட்டிக்கொண்டு கிடக்கிறாள், நான் வந்து ஒரு சம்பளத்தைக் கையில் வைத்தால் அவளை வீட்டில் உட்கார வைக்கலாம் என்று கணக்குப் போட்டாய். சரி, பொய் சொல்லமாட்டேன். மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். விடியும்போது பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டால் சில நாள் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது. லைனில் நின்றுகொண்டு இந்தக் கதவு தானாகத் திறந்துவிட்டால் எங்கே போவேன் என்று யோசித்திருக்கிறேன். வீட்டுக்குத்தான் போவேன் என்று தோன்றும். வீட்டில் போய் என்ன செய்வேன் என்று தோன்றாது. யாரைக் கிண்டல் செய்வேன்? சுவரையா? நீ வந்து சம்பளம் கொடுத்தாலும் நான் நின்றுவிடப் போவதில்லை. காலையில் ஒரே பஸ்ஸில் அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம், சாயங்காலம் நீ குமிழைத் திருப்புவாய், நான் ஜோடியை அனுப்புவேன். என்னை வெளியே எடுப்பதற்கு என்று வந்து நீயும் உள்ளே உட்காருவாய், அவ்வளவுதான் நடக்கும். அதை நான் என் கண்ணால் தினமும் பார்க்கவேண்டும். அந்தத் தண்டனைக்கு நான் என்ன செய்தேன்? ஒரே ஒரு ஆணிதானே கட்டினேன்.

படிகத்தைச் சூடு பண்ணினால் மாட்டியிருக்கிற காந்தம் எல்லாம் விட்டுப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து குளிர வைக்கலாம் என்று சொன்னாயே, மனுஷனும் அப்படித்தான் என்று எழுதி உன்னை அழவைக்கலாம் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். எழுதவில்லை. மனுஷன் அப்படி இல்லை. நீ இங்கே வந்து நாலு நாள் என் கையால் சாப்பிட்டுப் போனாலும் நடுச் சென்சார் சொல்வதைத்தான் சொல்லும். அங்கேயே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். சரியாகாமலே போகலாம். பட்டம் வராமலே போகலாம். நீ மாட்டிக்கொண்ட இடம் உன் இடம், அது என்ன என்று தெரியாமல் விட்டு வந்தால் இங்கே பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அதையேதான் பார்த்துக்கொண்டு வருவாய். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் தெரிந்திருந்தால் நான் ஏன் மெஷினில் நிற்கப்போகிறேன், உன் சார் நாற்காலியில் உட்கார்ந்து உன்னை விரட்டிக்கொண்டு இருப்பேன்.

ஆகவே இப்படிச் செய். மாமாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் நீயே அவனுக்குப் போன் பண்ணு. வரமாட்டேன் என்று சொல், கத்துவான், கத்தட்டும், அவன் கத்தாத நாள் எது. வருகிறேன் என்று சொன்னாலும் சரி, உன்னைத் தடுக்கமாட்டேன், பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் எதற்காக வருகிறாய் என்று அவன் கேட்டால், அலுத்துப்போச்சு என்று சொல், பசிக்கிறது என்று சொல், அந்தக் கேரளத்துப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றுகூடச் சொல். அம்மாவுக்காக என்று மட்டும் சொல்லாதே. திங்கட்கிழமை அவன் பக்கத்திலேயேதான் நான் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வார்த்தை என் காதில் விழுந்தால் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுவேன்.